கண்ணாடி விலகியது

கேனன் 5டி மார்க் 3 அறிமுகமானது 2012 மார்ச்சில். ஆர்6 மார்க் 2 அறிமுகமானது 2022 நவம்பரில். முன்னது டிஎஸ்எல்ஆர், பின்னது மிர்ரர்லெஸ். இரண்டும் என்னிடம் இருக்கின்றன, இரண்டையும் கொண்டாடுகிறேன். மெகாபிக்சல் கணக்கைப் பார்த்தால் 22-க்கும் 24-க்கும் உள்ள வித்தியாசம்தான். அதைக் கேட்டுவிட்டு என் அண்ணன், "ரெண்டு மெகாபிக்சலுக்கா இவ்வளவு பணத்தைக் கொட்டினே?" என்றார். அவருக்கு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பதில் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே உற்சாகம் தாங்கவில்லை. படம் எடுக்கும்போது என் கவனம் எங்கே இருக்கிறது என்பதையே இந்தப் புதிய கேமரா மாற்றிவிட்டது. முன்பு பாதிக் கவனத்தைக் கருவி வாங்கிக்கொள்ளும். இப்போது அந்தப் பாதியும் எதிரே இருக்கும் முகத்துக்குப் போய்ச் சேர்கிறது.

முதலில் பழையதன் பெருமையைச் சொல்லியாக வேண்டும். டிஎஸ்எல்ஆரின் உள்ளே நடப்பது சாதாரண வேலையல்ல. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை, 45 டிகிரி சாய்ந்து நிற்கும் ஒரு கண்ணாடி மேலே திருப்புகிறது. அங்கிருந்து ஐங்கோணப் பட்டகம் அதை நிமிர்த்தி நம் கண்ணுக்குக் கொடுக்கிறது. கண்ணாடியின் நடுப்பகுதி கொஞ்சம் வெளிச்சத்தைத் தன் வழியே விட்டுவிடும். பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டிக் கண்ணாடி அதைக் கீழே அனுப்ப, அங்கே ஃபோகஸ் பார்ப்பதற்கென்றே தனியாக ஒரு சென்சார் காத்திருக்கிறது. பட்டனை அழுத்தியதும் இரண்டு கண்ணாடிகளும் மடங்கி மேலே ஏறி, ஷட்டர் திறந்து மூடி, கண்ணாடிகள் மறுபடி இறங்கி, ஃபோகஸ் சென்சார் மறுபடி அளந்து, லென்ஸ் நகர்ந்து, அடுத்த படத்துக்குத் தயாராகிவிடும். இவ்வளவையும் 5டி மார்க் 3 நொடிக்கு 6 தடவை செய்கிறது. அந்த 'சடக், சடக்' சத்தத்துக்குப் பின்னால் எத்தனை பேருடைய மூளை இருக்கிறது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கிறது.

ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு விசித்திரம் உண்டு. படம் பதிவாகும் நேரத்தில் கண்ணாடி மேலே ஏறியிருக்கும், வ்யூஃபைண்டரில் இருட்டு. நாம் பார்ப்பது அதற்கு முந்தைய நொடியையும் பிந்தைய நொடியையும். எந்தக் கணம் படமாகிறதோ அந்தக் கணத்தை மட்டும் எடுப்பவர் பார்ப்பதே இல்லை! நூற்றுக்கணக்கான அற்புதமான படங்களை உலகம் அப்படித்தான் பெற்றது. பார்க்காத கணத்தை ஊகித்து அழுத்துவதுதான் அந்தக் காலத்துக் கைத்திறன்.

மிர்ரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடியையே கழற்றி எறிந்துவிட்டார்கள். வெளிச்சம் நேராக சென்சாரில் விழுகிறது. சென்சார் பார்ப்பதை ஒரு குட்டித் திரை நம் கண்ணுக்குக் காட்டுகிறது. ஃபோகஸையும் அந்த சென்சாரே பார்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு பிக்சலும் இரண்டாகப் பிரிந்து, இடப்பக்கம் வலப்பக்கம் என்று இரண்டு பார்வையாகப் பார்த்து, எவ்வளவு விலகியிருக்கிறோம் என்று கணக்குப் போடுகிறது. கேனன் இதை 2013-இல் 70டி என்ற டிஎஸ்எல்ஆரிலேயே கொண்டுவந்தது. ஆனால் அங்கே பின்பக்கத் திரையைப் பார்த்து எடுக்கும்போதுதான் அது வேலை செய்யும். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தால் பழைய ஏற்பாடுதான். கண்ணாடி போன பிறகு அதற்கு முழு ஆட்சி கிடைத்தது.

அந்த ஆட்சியின் அருமை பரதநாட்டிய மேடைக்கு முன்னால் உட்கார்ந்தால் புரியும். அபிநயத்தில் எல்லாமே கண்தானே? 5டி மார்க் 3-இல் 61 ஃபோகஸ் புள்ளிகள், அதன் காலத்தில் அது ராஜமரியாதை. ஆனால் அவை எல்லாம் சட்டகத்தின் நடுப்பகுதியில் கூடியிருக்கும். கட்டைவிரலால் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளி ஆடுபவரின் கண்மேல் ஒரு புள்ளியைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அவர் தலை திருப்பினால் மறுபடி தள்ள வேண்டும். 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் திறந்து வைத்தால், இமைக்கு ஃபோகஸ் என்றால் காது மங்கிவிடும், அவ்வளவு மெல்லிய ஆழம். ஆடுபவரைச் சட்டகத்தின் ஓரத்தில் நிறுத்தி, மீதி மேடையை வெறுமையாக விட ஆசைப்பட்டால், அந்த ஓரத்தில் புள்ளியே கிடையாது. நடுவில் ஃபோகஸைப் பூட்டிவிட்டு கேமராவைத் திருப்ப வேண்டும். அதற்குள் நாயகி தலைவனைப் பார்த்து முடித்துவிடுவாள்.

ஆர்6 மார்க் 2-ஐத் தூக்கி மேடையைப் பார்த்த மாத்திரத்தில் ஆடுபவரின் கண்மேல் ஒரு சின்னக் கட்டம் வந்து உட்கார்கிறது. அவர் சுழல்கிறார், அதுவும் போகிறது. கை முகத்தை மறைக்கிறது, அது தலையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து, கை விலகியதும் கண்ணுக்குத் திரும்புகிறது. தாய்ப்பசு போன இடமெல்லாம் கன்று போவது போலத்தான். சட்டகத்தின் இந்த மூலையா, அந்த மூலையா, அதற்குக் கவலையில்லை. என் கட்டைவிரல் சும்மா இருக்கிறது. என் மனசு சஞ்சாரி பாவத்தில் இருக்கிறது. எந்த வரிக்கு எந்தப் பார்வை வருகிறது என்று ரசித்துக்கொண்டே எடுக்கிறேன். ரசிகராகவும் படம் எடுப்பவராகவும் ஒரே சமயத்தில் இருக்க முடியும் என்பதை இந்தக் கேமரா எனக்குக் கொடுத்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதை வாங்கியிருப்பேன்.

அடுத்து, சத்தம். மார்கழிக் கச்சேரியில் அனுமதி வாங்கி ஓரமாக உட்கார்ந்து படம் எடுத்தவர்களுக்கு இது தெரியும்: கேமரா சத்தத்துக்கு இடம் கொடுக்கும் ஒரே பகுதி தனியாவர்த்தனம். மிருதங்கமும் கடமும் ஃபரன் வாசிக்கும்போது அந்த முழக்கத்துக்குள் ஷட்டரை ஒளித்துவிடலாம். மோரா வரும் என்று காத்திருந்து தாளத்தோடு அழுத்துவது ஒரு தனிக் கலை. ஆனால் ராக ஆலாபனையில் பாடகர் கண்ணை மூடி மேல் ஷட்ஜத்தில் நிற்கும்போது? வீணைக் கலைஞர் மந்தர ஸ்தாயியில் ஒரே மீட்டலை இழைத்து, அது தேய்ந்து மறையும் வரை தலையைச் சாய்த்துக் கேட்கும்போது? அந்த முகங்கள்தான் கச்சேரியின் உயிர். அவற்றுக்கு முன்னால் 'சடக்' என்று ஒரு சத்தம் போட எந்தக் கைக்குத் துணிவு வரும்? 5டி மார்க் 3-இல் கண்ணாடியை மெதுவாக இறக்கும் ஓசை குறைந்த முறை உண்டு, நொடிக்கு 3 படம். தனது காலத்தில் அதுவே பெரிய கருணை. இருந்தாலும் அது மென்மையான சத்தமே தவிர மௌனமல்ல.

இப்போது எலக்ட்ரானிக் ஷட்டர். அசையும் பாகம் எதுவும் இல்லை, சத்தமும் இல்லை. பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்குக்கூட நான் எடுப்பது தெரியாது. முதல் முறை ஆலாபனை நடுவே பட்டனை அழுத்தி, ஒன்றும் கேட்காமல், எடுத்ததற்கு அடையாளமாகத் திரையின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மின்னியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை வருடமும் கேட்டு மட்டும் அனுபவித்த கணங்கள் எல்லாம் இனி படமாகலாம். வயலின்காரர் பாடகரின் கடைசிப் பிடியைத் திருப்பி வாசித்துவிட்டு ஓரக்கண்ணால் பார்ப்பார், பாருங்கள். பாடகர் வாயால் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் அசைப்பார். அந்தப் பரிமாற்றம் இப்போது என்னிடம் படமாக இருக்கிறது.

அவசரப்பட்டு எல்லா அரங்கிலும் இது ஒத்துவரும் என்று நினைத்துவிட வேண்டாம். என் கேமராவின் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மினுக்கும் எல்இடி விளக்குகளுக்குக் கீழே அதனால் படத்தில் பட்டைகள் விழலாம். அப்படிப்பட்ட இடத்தில் மெக்கானிக்கல் ஷட்டருக்குப் போய்விடுவதுதான் நல்லது. சென்சார் வாசிக்கும் வேகத்தை மீறிப் பாயும் பொருளும் கொஞ்சம் வளைந்து தெரியும். சோனி 2017-இல் ஏ9 கேமராவில் கொண்டுவந்த அடுக்கு சென்சாரும், நிகான் 2021-இல் மெக்கானிக்கல் ஷட்டரே இல்லாமல் செய்த இசட்9-ம் இந்தச் சிக்கலைப் பெரிதும் தாண்டிவிட்டன. அவற்றின் விலை வேறு உலகம். குண்டு பல்பு மஞ்சளாக எரியும் பழைய சபா மேடைக்கு என் ஆர்6 மார்க் 2 தாராளமாகப் போதும்.

வ்யூஃபைண்டரைப் பற்றிச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. டிஎஸ்எல்ஆரில் நாம் பார்ப்பது உலகத்தை. மிர்ரர்லெஸ்ஸில் பார்ப்பது வரப்போகும் படத்தை. கறுப்புத் திரைக்கு முன்னால் ஸ்பாட் லைட்டில் ஒரே ஒரு முகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டகத்தில் பெரும்பகுதி இருட்டு என்பதால் கேமராவின் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டச் சொல்லும், முகம் வெளுத்துவிடும். எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் மனக்கணக்காகப் போட்டு வைத்திருப்பார்கள். இப்போது சக்கரத்தைத் திருப்பத் திருப்ப அந்த முகம் கண்ணெதிரே அடங்கி, நெற்றிச் சுட்டியின் கல் தெரிந்து, கன்னத்தின் நிழல் திரண்டு வருகிறது. போதும் என்று தோன்றும் இடத்தில் நிறுத்துகிறேன். வெளிச்சத்தைக் கையால் பிசைந்து உருவாக்குகிற மாதிரி ஒரு சுகம் அது. புதிதாகப் படம் எடுக்கக் கற்கும் பிள்ளைகளுக்கு எஃப் எண்ணையும் ஐஎஸ்ஓவையும் பலகையில் எழுதிப் புரியவைப்பதைவிட, இந்த வ்யூஃபைண்டரில் ஐந்து நிமிடம் விளையாட விடுவது எவ்வளவோ மேல்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு வரம். எடுத்த படத்தைப் பின்பக்கத் திரையில் பார்க்க வெள்ளெழுத்துக் கண்ணாடி வேண்டும். தேரோட்டத்தின் நடுப்பகல் வெயிலில் அந்தத் திரையில் ஒன்றும் தெரியவும் செய்யாது. மிர்ரர்லெஸ்ஸில் எடுத்த படத்தை வ்யூஃபைண்டருக்குள்ளேயே பார்த்துக்கொள்ளலாம். கண்ணின் பவருக்கு ஏற்ப ஒரு முறை திருகி வைத்துவிட்டால் மெனு, ஹிஸ்டோகிராம், படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது எல்லாம் கண்ணை எடுக்காமலே முடிந்துவிடும். கம்பெனிகள் இதைப் பெரிதாக விளம்பரப்படுத்துவதில்லை. எங்கள் வயதுக்காரர்களுக்கு இதுதான் முதல் பக்கத்தில் போட வேண்டிய செய்தி.

பறவைகளுக்கு வருகிறேன். வேடந்தாங்கலில் விடியற்காலையில் கரைமேல் நின்றால், நீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் நீர்க்காகமும் ஒரே இரைச்சலாக இருக்கும். மரக்கிளைச் சிக்கலுக்குள் ஒரு வக்கா உட்கார்ந்திருந்தால், டிஎஸ்எல்ஆரின் ஃபோகஸ் புள்ளி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியைத்தான் ஆசையாகப் பிடிக்கும். அதன் மேல் தப்பில்லை. அதற்குத் தெரிந்தது வெளிச்சமும் நிழலும் மட்டும், பறவை என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. இதற்குத் தெரிகிறது! இலைக்கு நடுவே தெரியும் அந்தச் சிவந்த கண்ணைத் தேடிப் பிடிக்கிறது. நாய், பூனை, குதிரை, பறவை, கார், ரயில், விமானம் என்று அடையாளம் காணப் பழக்கப்பட்ட கேமரா இது.

பாம்புத்தாரா மீனை அலகால் குத்தி எடுத்து, மேலே சுண்டி எறிந்து, தலைப்பக்கமாக வருகிற மாதிரி வாயில் ஏந்தி விழுங்கும். எறிவது எப்போது என்று அதற்கு மட்டும்தான் தெரியும். நம் கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் அழுத்துவதற்குள் மீன் தொண்டையில் இருக்கும். இந்தக் கேமராவில் பட்டனைப் பாதி அழுத்தி வைத்திருந்தால் அது உள்ளுக்குள் நொடிக்கு 30 படம் வீதம் எடுத்து அழித்துக்கொண்டே இருக்கிறது. முழுசாக அழுத்தியதும், அதற்கு முன் போன அரை நொடியையும் சேர்த்துக் கார்டில் எழுதிவிடுகிறது. அலகுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் மீன், அதைச் சுற்றித் தெறித்த நீர்த்துளிகள், கீழே அண்ணாந்த கழுத்து. அந்தப் படத்தை மானிட்டரில் திறந்தபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். சிலர் இதைத் திறமைக்குப் பதிலான குறுக்குவழி என்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். பறவை எங்கே மீன் பிடிக்கும், வெயில் எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் அசையாமல் உட்கார வேண்டும் என்பதெல்லாம் இன்றும் மனிதர்தான் தெரிந்திருக்க வேண்டும்.

கை நடுக்கத்தை அடக்கும் வித்தையும் இப்போது பாடிக்குள்ளேயே வந்துவிட்டது. சென்சாரே மிதந்து நகர்ந்து நம் கையின் ஆட்டத்தை ஈடுகட்டுகிறது. சில லென்ஸ்களோடு சேர்ந்தால் 8 ஸ்டாப் வரை என்பது கம்பெனி கணக்கு. எனக்கு அது பலித்த இடம் தாராசுரம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் கோயில்களில் ட்ரைபாட் வைக்கத் தனி அனுமதி வேண்டும். ராஜகம்பீரன் மண்டபத்தின் தூண்களில் விரல் நீளச் சிற்பங்கள் அரை இருட்டில் இருக்கும். முன்பு ஐஎஸ்ஓவை ஏற்றினால்தான் கதி. கல்லின் சொரசொரப்பும் படத்தின் புள்ளிகளும் ஒன்றாகக் கலந்துவிடும். இந்த முறை 40 மி.மீ. சிறிய லென்ஸ், ஐஎஸ்ஓ 200, அரை நொடி, வெறும் கை. தூணில் உளி பட்ட தடம் வரை துல்லியம். தூணைக் கடந்து போன பட்டுப் புடவை மட்டும் ஒரு மாம்பழ நிறக் கீற்றாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. அசையும் ஒன்றையும் அசையாத ஒன்றையும் ஒரே சட்டகத்தில் வெறும் கையால் எடுக்க முடிவது எவ்வளவு பெரிய சுதந்திரம்!

எடை? பேட்டரியும் கார்டும் போட்டு 5டி மார்க் 3 ஏறக்குறைய 950 கிராம், இது 670. நாள் முழுக்கத் தோளில் மாட்டினால் தெரியும். வீடியோ எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

பழையது இன்றும் ஜெயிக்கிற இடங்கள் உண்டு, மனசாரச் சொல்கிறேன். அதன் வ்யூஃபைண்டரில் தெரிவது உண்மையான வெளிச்சம். திரை இல்லை, தாமதம் இல்லை, கேமராவை அணைத்து வைத்தாலும் பார்க்கலாம். ஒரு காட்சிக்காக ஒரு மணி நேரம் கண்ணை வைத்துக் காத்திருப்பவருக்கு அதைவிட இதமானது இல்லை. பேட்டரி விஷயத்தில் அது மகாராஜா: கம்பெனி கணக்குப்படி வ்யூஃபைண்டர் வழியாக 950 படம். புதியதில் அதே கணக்கு 450-தான். பையில் கூடுதல் பேட்டரி இல்லாமல் நான் கிளம்புவதில்லை. நல்ல வெளிச்சத்தில், அசையாமல் இருக்கும் காட்சியை இரண்டிலும் எடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டால் எது எதில் எடுத்தது என்று என்னால் சொல்ல முடியாது. அதனால் வயலும் மலையும் கோபுரமும் எடுப்பவர்கள், ஸ்டுடியோவில் நிற்கவைத்து எடுப்பவர்கள், பழைய டிஎஸ்எல்ஆரை மகிழ்ச்சியாக வைத்துக்கொள்ளலாம். கையில் பணம் குறைவாக இருக்கும் மாணவர்கள் செகண்ட்ஹேண்டில் ஒரு 5டி மார்க் 3 தேடினால் அவர்களுக்கு என் முழு ஆசீர்வாதம்.

மாறுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: லென்ஸை விற்காதீர்கள். கேனனின் ஈஎஃப் மவுன்ட் 1987-இல் வந்தது. கண்ணாடி மடங்கி எழ இடம் வேண்டுமே, அதற்காக லென்ஸ் மவுன்டுக்கும் சென்சாருக்கும் நடுவே 44 மி.மீ. விட்டிருந்தார்கள். மிர்ரர்லெஸ்ஸின் ஆர்எஃப் மவுன்டில் அது 20 மி.மீ. மீதி 24 மி.மீ.யை நிரப்ப ஒரு வளையம், அதுதான் அடாப்டர். அதற்குள் லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லை என்பதால் படத்தின் தரம் துளியும் குறையாது. வெறும் காற்றும் மின்தொடர்பு முனைகளும்தான். என் 70-200, 85, 40 எல்லாம் அதில் மாட்டியபடி முன்னைவிடக் கச்சிதமாக ஃபோகஸ் செய்கின்றன. டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் ஒன்று, படம் எடுக்கும் சென்சார் வேறு. இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் ஒவ்வொரு லென்ஸாக உட்கார்ந்து திருத்தம் போட வேண்டும். மிர்ரர்லெஸ்ஸில் எடுக்கும் சென்சாரே பார்ப்பதால் அந்த வேலையே கிடையாது. பேட்டரியும் வீணில்லை. 2008-இல் 5டி மார்க் 2-ஓடு வந்த எல்பி-இ6 பேட்டரி இந்தப் புதிய பாடியிலும் பொருந்துகிறது. தொடர்ந்து சுடும் வேகம்தான் முழுசாகக் கிடைக்காது.

பழைய லென்ஸ்களில் எனக்கு அதிக சந்தோஷம் கொடுத்தது 135 மி.மீ. எஃப் 2. கேனன் அதை அறிமுகப்படுத்தியது 1996-இல், ஃபிலிம் காலத்தில். முக்கால் கிலோ எடை, நடுக்கத்தை அடக்கும் வசதி எதுவும் இல்லாத லென்ஸ். அதில் விழும் முகங்களின் பின்னணி கரைகிற அழகுக்கு இன்னும் ஈடு காணவில்லை. டிஎஸ்எல்ஆரில் இருட்டு அரங்கத்துக்கு அதைக் கொண்டுபோக யோசிப்பேன். இந்த பாடியில் மாட்டியதும் நடுக்கம் அடங்கிவிட்டது, கண்ணைத் தேடிப் பிடிக்கிறது, சத்தமும் இல்லை. கால் நூற்றாண்டுக்கு முன்னால் அதை வடிவமைத்தவர்கள் கனவிலும் நினைத்திராத வேலையை அது இன்றைக்குச் செய்கிறது. வரும் டிசம்பர் சீசனுக்கு 70-200-ஐ வீட்டில் வைத்துவிட்டு, இந்த 135-ஐயும் அந்த 85-ஐயும் மட்டும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பப் போகிறேன்.